ஆவுடையப்பன் அடைத்த வெயில்

வெயில் எங்கேயாவது கெட்டுப்போகுமா என்று சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளட்டும். அவர்கள் வடக்குப் புதுத்தெருவில் குடியிருந்ததில்லை, ஆவுடையப்பன் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் இருக்கிற கதவைத் திறந்ததில்லை, திறந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு தெருச் சாக்கடையான வாறுகாலைப் பார்த்து ஓடினதில்லை. உலகம்மாள் ஓடியிருக்கிறாள். வெறும் வயிற்றோடு ஓடி, சாப்பிட்ட வயிற்றோடு ஓடி, கடைசியில் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டு, புருஷன் கட்டின அடைப்பையும் அதற்கு நேரம் குறித்துக் கொடுத்த ஜோசியரையும் அதைப் பார்த்து மெச்சின தெருவையும் ஒருசேர வைதுகொண்டு ஓடியிருக்கிறாள்.

அடைப்பு வருவதற்கு முன்னால் அது எல்லா வீட்டிலும் இருக்கிற மாதிரி ஒரு முற்றம்தான். மூன்று பக்கம் இடுப்புயரச் சுவர், தரையில் சிமெண்ட், ஒரு துவைகல், ஒரு கொடி, மேலே ஒன்றும் கிடையாது. கோவில்பட்டிப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை; அது காலையில் வந்து மத்தியானம் மண்டையைப் பிளந்து சாயங்காலம் தன் பாட்டுக்குப் போய்விடும். காக்கா வரும், பூனை வந்து படுக்கும், பக்கத்து வீட்டுச் செல்லக்கனியின் வேப்பமரம் பூவையும் பழத்தையும் கொட்டும், உலகம்மாள் இரண்டு வேளையும் பெருக்கித் தள்ளுவாள். அவளுக்கு அதில் ஒரு சலிப்பும் சடவும் கிடையாது.

சடவெல்லாம் ஆவுடையப்பனுக்குத்தான். தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜராக இருந்து ஓய்ந்த மனுஷர்; கை கழுவுவதற்கு முன்னால் குழாயைக் கழுவுகிற ஆள், அடுத்த வீட்டில் தண்ணீர் கொடுத்தால் தம்ளரின் விளிம்பைப் பார்த்துவிட்டுத் தாகம் இல்லை என்று சொல்லிவிடுகிற ஆள். முற்றத்தில் ஒரு எச்சத்தைக் கண்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பார். ஊரில் இருக்கிற அழுக்கெல்லாம் தன் வீட்டைத்தான் தேடிக்கொண்டு வருகிறது என்று அவருக்கு நினைப்பு.

அப்படிப்பட்டவருக்கு ஒரே மகள் பகவதி. தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்து, வருஷக்கணக்கில் அவளும் மருமகனும் கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, பார்க்கிறவர்கள் எல்லாம் விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பிறகு, ஒரு பங்குனிக் கடைசியில் போன் போட்டு, "யம்மா, தள்ளிப் போயிருக்கு. டாக்டரும் ஆமான்னுட்டாங்க" என்றாள். உலகம்மாள் அடுப்பை அணைக்காமலே அழுதாள், சோறு அடிப்பிடித்தது, அதைச் சுரண்டிக்கொண்டே அழுதாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், பேறுகாலம் பார்க்கவேண்டும், முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து அந்தப் பிள்ளையைத் தன் கால் மேல் போட்டுக் குளிப்பாட்டவேண்டும், அதற்குமேல் சாமியிடம் அவள் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அவள் கேட்டது அவ்வளவுதான், அந்த அவ்வளவைத்தான் கெடுத்தார்கள்.

"பச்சப்பிள்ளை வர்ற வீடு" என்றார் ஆவுடையப்பன். "ஒரு ஈ எறும்பு உள்ள வரப்படாது. முத்தத்தை அடைச்சிருவோம்."

"அடைச்சா காத்து?"

"காத்துலதாம்ட்டி எல்லாக் கழிசடையும் வருது."

மறுவாரமே இரும்புச் சட்டம் வந்து இறங்கியது. சுவர் மேல் சட்டத்தை நட்டு, சட்டத்தில் கண்ணாடி மாதிரி அந்தப்பக்கம் தெரிகிற பிளாஸ்டிக் தகடுகளை முடுக்கி, தலைக்கு மேலும் அதையே கூரையாகப் போட்டு, தகடும் தகடும் சேருகிற இடத்தில் ஊசி நுழையாதபடி பசையை அப்பி, அடுப்படிக் கதவு ஒன்றைத் தவிர வேறு போக்குவரத்து இல்லாமல் செய்தார்கள். கடைசித் தகடு ஒன்று பாக்கி. அதை மூடுவதற்கு ஆவுடையப்பன் ஜோசியரிடம் போனார். அந்தத் தெருவில் அது வழக்கம்தான். கியாஸ் சிலிண்டர் மாற்றுவதற்கே ராகுகாலம் பார்க்கிற ஜனங்கள். ஜோசியர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளை யோகம் நிலைக்கவேண்டுமானால் அக்கினி நட்சத்திரத்தில் இன்ன நாள், நிழல் காலடியில் ஒடுங்குகிற உச்சி வேளை, அதை விட்டால் இந்த வருஷத்தில் நேரமே கிடையாது என்று சொல்லிவிட்டார். யாருக்காவது உறைத்ததா? உச்சி வேளையில் முற்றத்துக்குள் யார் நிற்பார்கள் என்று ஒருத்தருக்காவது யோசனை போனதா? போகவில்லை. பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, தெருவே கூடி, வியர்த்து வடிந்துகொண்டு உச்சிக்காகக் காத்திருந்தார்கள். வெயில் முற்றத்தின் நடுவில் வந்து நிறைமாசக்காரி மாதிரி உட்கார்ந்ததும் ஆவுடையப்பன் "ம்" என்றார், கடைசித் தகட்டை வைத்து முடுக்கினார்கள், பூசணிக்காயை உடைத்தார்கள், எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

சாயங்காலம் ஆனது. தெருவில் விளக்குப் போட்டார்கள், பால்காரர் வந்துவிட்டுப் போனார், தெருவெல்லாம் இருட்டின பிறகும் ஆவுடையப்பன் வீட்டுப் பின்னால் மட்டும் பட்டப்பகலாகவே இருந்தது. மளிகைக் கடை தங்கப்பழம் அண்ணாச்சி தெருவில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு, "வெயிலு உள்ள மாட்டிக்கிட்டு" என்றார், ஆடு வேலிக்குள் மாட்டிக்கொண்டதைச் சொல்கிற மாதிரி. "நல்லதுதான மேனேஜரே, கரண்டு மிச்சம்." ஆவுடையப்பன் தலையை ஆட்டினார்.  உலகம்மாளும் மறுநாளைக்குத் துணி காயும் என்றுதான் நினைத்தாள். துணி காயவும் செய்தது, கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொறமொறவென்று காய்ந்தது. செல்லக்கனி தகட்டுக்கு அந்தப்பக்கம் தன் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "கொடுத்து வச்சவ மதினி நீங்க" என்றாள்.

வைகாசி வரைக்கும் அது நல்ல வெயில்தான். ஆனி பிறக்கும்போது முதலில் நிறம் மாறியது. வெள்ளையாக இருந்தது நெய் நிறத்துக்கு வந்து, நெய் நிறத்தில் இருந்து பழைய குழம்பின் மேல் ஏடு படிகிறதே அந்த நிறத்துக்கு வந்தது. பிறகு கெட்டிப்பட்டது. கதவைத் திறந்தால் வாசல்படி தாண்டிக் கொழகொழவென்று அடுப்படிக்குள் கொஞ்சம் வழியும், துடைத்தால் துணியோடு இழுபடும், கையைக் கழுவினால் சோப்பும் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அது போகாது. தகடுகளின் உள்பக்கம் மஞ்சளாக முத்து முத்தாய்க் கோத்து, நிறைந்ததும் பொட்டென்று தலையில் விழும். அப்புறம் நாற்றம். எந்த நாற்றம் என்று கேட்டால் உலகம்மாளால் சொல்லமுடியாது. நாள்பட்ட எண்ணெயும் அல்ல, ஊளை முட்டையும் அல்ல, காயாத தலைமுடியும் அல்ல, எல்லாம் சேர்ந்து உள்ளங்கை வெதுவெதுப்பில் இருக்கிற ஒன்று, மூக்கில் ஏறி நாக்கில் உட்கார்ந்துகொள்ளும். ஆடியில் புழு வைத்தது. சின்னச் சின்னதாய், வெளிச்சத்தில் ஆன புழு, துவைகல்லின் அடியில் மினுமினுவென்று நெளிந்துகொண்டு கிடந்தது. உலகம்மாள் அதைப் பார்த்த அன்றைக்குத்தான் முதல்முதலாக வாறுகாலுக்கு ஓடினாள்.

"ஏங்க, ஒரே ஒரு தகட்டைக் கழத்துங்க. அது பாட்டுக்குப் போயிரட்டும்" என்று கெஞ்சினாள்.

"நேரம் பாத்து மூடினதை நேரங்கெட்ட நேரத்துல தொறந்தா பிள்ளைக்கு ஆகாதாம். ஜோசியர்கிட்ட கேட்டுட்டேன்."

"நாறுதே. உங்களுக்கு நாறலையா? குழாயைக் கழுவிட்டுக் கை கழுவுத ஆளுதான நீங்க?"

ஆவுடையப்பன் உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "வெளிய இருந்து வந்திருந்தா நானே விட்டிருக்க மாட்டேன். இது நம்ம வீட்டுக்குள்ள உண்டானதுதானட்டி. நம்மளது நமக்கு எப்படி நாறும்?"

ச்சீ என்று வந்தது அவளுக்கு. காக்காயின் ஒரு பொட்டு எச்சத்துக்குச் சோறு வேண்டாம் என்று எழுந்து போன மனுஷர், தலையில் சொட்டின மஞ்சளைத் தடவி விட்டுக்கொண்டு, அதே கையால் பேப்பரைப் புரட்டினார்.

தெரு முதலில் மூக்கைப் பொத்தத்தான் செய்தது. செல்லக்கனி ஜன்னலைச் சாத்தினாள், தங்கப்பழம் அண்ணாச்சி ஊதுபத்தி விற்பனை கூடிப்போனதில் பாதி சந்தோஷமும் பாதி குமட்டலுமாக இருந்தார், தெருக்காரர்கள் சேர்ந்து வந்து பேசவேண்டும் என்றுகூட ஒரு பேச்சு எழும்பியது. உலகம்மாள் அவர்கள் வருவார்கள், நாலு பேர் சொன்னால் இந்த மனுஷர் கேட்பார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் ஐப்பசி வந்து மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் விடாத மழை, ஊரில் ஒரு சொட்டு வெயில் இல்லை, மொட்டைமாடியில் காயப்போட்ட வடகம் எல்லாம் பூசணம் பூத்தது. செல்லக்கனி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் மோர்மிளகாய்த் தட்டை ஏந்திக்கொண்டு முந்தானையால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தட்டு மதினி. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்."

"செல்லம், உள்ள புழு நெளியுதுடி."

"பொரிச்சா தெரியாது மதினி."

ஒரு மணி நேரத்தில் மிளகாய் காய்ந்தது. பொரித்துப் பார்த்தார்கள். முதல் கடியில் செல்லக்கனி துப்பினாள், இரண்டாவதை மென்று முழுங்கினாள், மூன்றாவதுக்கு, "ஒரு மாதிரி புளிப்பா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு விரலை நக்கினாள். அடுத்த நாள் நாலு தட்டு வந்தது. அதற்கடுத்த நாள் ஆவுடையப்பன் வீட்டு நடுரூம் வழியாகச் சுண்டைக்காய், கொத்தவரங்காய், கூழ்வடகம், அப்பளம், நெத்திலி என்று தெருவே வரிசையில் போனது, போகிறபோது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள் வருகிறபோது பொத்தாமல் வந்தார்கள். புழுவைக் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போட்டார்கள். கோழி இட்ட முட்டையின் கரு இருட்டிலும் மின்னியது. முட்டையைக் கொடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். முழங்கால் வலிக்காரர்கள் வந்து தகட்டில் கோத்த மஞ்சளை வழித்துத் தேய்த்துக்கொண்டு போனார்கள். மற்ற வெயிலில் காய்ந்த வத்தல் வாய்க்கு விளங்கவில்லை என்றார்கள். கார்த்திகை வருவதற்குள் ஆவுடையப்பன் தெருவுக்கே வெயில்காரராகி, வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு கதவருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றச் சொன்னார், உள்ளே அழுக்கு போய்விடக் கூடாதாம்!

அதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. மூக்கைப் பொத்துவது மரியாதைக் குறைவு என்று ஆகிவிட்டது. வெளியூர் விருந்தாளி யாராவது தெருமுனையில் கைக்குட்டையை எடுத்தால், "ஏன், எங்க தெருவுக்கு என்ன கொறச்சல்?" என்று தங்கப்பழம் அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி வந்து சண்டைக்கு நின்றார். உலகம்மாள் தண்ணீர்க் குழாயடியில் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றபோது, பெண்கள் அவளைப் பார்த்த பார்வையில் அவள்தான் ஏதோ அசிங்கம் பண்ணிவிட்ட மாதிரி இருந்தது.

"சொந்த வீட்டு லட்சுமியைப் பாத்து மூக்கைச் சுளிக்கப்படாது மதினி" என்றாள் செல்லக்கனி.

"தூ, உங்க லட்சுமியும் நீங்களும்" என்று குடத்தை வைத்துவிட்டு வந்தாள் உலகம்மாள்.

அவள் விடவில்லை. மூக்கில் விபூதியை அடைத்துக்கொண்டாள், கற்பூரத்தை முடிந்து தாலிக்கயிற்றில் கட்டிக்கொண்டாள், எலுமிச்சைத் தோலைக் கடித்துக்கொண்டே சமைத்தாள், மகளுக்கென்று ஒழித்து வைத்த அறையின் கதவிடுக்கை எல்லாம் பழந்துணியால் அடைத்து அங்கேயே போய்ப் படுத்தாள். இந்தத் தெருவில் ஒருத்திக்காவது மூக்கு இருக்கட்டும், என் பேரனுக்கோ பேத்திக்கோ இந்தச் சவத்தெழவு அண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவ்வளவாக நாற்றம் தெரியவில்லை. மறுநாள் இன்னும் குறைந்திருந்தது. அப்புறம் சுத்தமாகவே இல்லை. சாமி கண்ணைத் திறந்துவிட்டது, மகள் வரப்போகிற நேரம் பார்த்து அது தானாகவே அடங்கிவிட்டது என்று செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குப் போய் நெய்விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏன் ஒவ்வொருத்தராகத் தள்ளிப் போனார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

வளைகாப்புக்கு வேன் பிடித்துப் போனார்கள். சீர்த்தட்டு, பூ, பழம், வளையல், கலவைச் சாதம், அதற்குத் தொட்டுக்கொள்ள முற்றத்து வெயிலில் காய்ந்த வத்தல் வடகம் ஒரு பெரிய தூக்குவாளி. ஆவுடையப்பன் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் வெளியூர் ஆள், தூத்துக்குடி வரைக்கும் தலையை ஜன்னலுக்கு வெளியே வைத்துக்கொண்டே ஓட்டினார். உலகம்மாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்தச் செல்லக்கனியையும் இந்த மனுஷரையும் கூட்டிக்கொண்டு வரவேண்டியதாகிவிட்டதே, சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்களோ, நான் ஒருத்தி சுத்தமாக இருந்து என்ன செய்ய என்று வழியெல்லாம் குமைந்துகொண்டு வந்தாள்.

மண்டபத்தில் பகவதி பட்டுச்சேலையும் நிறைவயிறுமாக மனைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். உலகம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தெருக்காரர்கள் போய் உட்கார்ந்ததும் அந்த வரிசை காலியானது, பின் வரிசையும் காலியானது, மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள், அது இன்னும் மோசமாகிப் பாதிப்பேர் வாசலுக்குப் போய்விட்டார்கள். பந்தியில் தூக்குவாளியைத் திறந்த சமையல்காரர் மூடியைப் போட்டுவிட்டு ஓடியே போனார். பார்த்தாயா, பார்த்தாயா என்று உலகம்மாள் புருஷனை முறைத்தாள். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு, "கடக்கரைக்காரங்களுக்கு மூக்கு நீளம்" என்றார்.

சம்பந்தியம்மா அவளைக் கூப்பிட்டாள். தாய்தான் முதலில் வளையல் போடவேண்டும். உலகம்மாள் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு மகள் முன்னால் குனிந்து, அந்தக் கன்னத்தை, வருஷக்கணக்காய் மெலிந்து இப்போதுதான் சதை பிடித்திருந்த அந்தக் கன்னத்தைத் தொட்டாள். பகவதி சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். சிரித்த வாய் அப்படியே கோணி, கழுத்து நரம்பு புடைத்து, அவள் பக்கத்தில் இருந்த வெற்றிலைத் தட்டிலேயே வாந்தி எடுத்தாள்.

"செல்லம், தள்ளிப் போ! நீங்களும் தள்ளி நில்லுங்க!" என்று உலகம்மாள் பின்னால் திரும்பிக் கத்தினாள். பின்னால் யாரும் இல்லை. செல்லக்கனி பந்தியில் இருந்தாள், ஆவுடையப்பன் கை கழுவப் போயிருந்தார்.

"யம்மா" என்றாள் பகவதி, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வடிய. "நீ தள்ளிப் போம்மா. உன் மேலதாம்மா."

சம்பந்தியம்மா நல்ல பெண்பிள்ளை, கோபப்படவில்லை, முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை, மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "பிள்ளை இங்கேயே இருக்கட்டும் மதினி. நாங்க பாத்துக்கிடுதோம்." உலகம்மாள் விரலில் சந்தனத்தோடு நின்றாள். அதை முகர்ந்து பார்த்தாள். சந்தனமும் வாடை இல்லாமல்தான் இருந்தது, பூவும் அப்படியேதான் இருந்தது, தன் கையும் அப்படியேதான்.

 ஊருக்கு வந்து இறங்கினதும் உலகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தென்னங்கன்று நடக் குழி தோண்டுகிற கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவைத் திறந்தாள். ஆவுடையப்பன் குறுக்கே வந்து நின்றார்.

"ஊரே இதை நம்பி இருக்குட்டி."

"ஊரு நக்கித் தின்னது போதும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "என் பிள்ளை என்னைப் பாத்து வாந்தி எடுத்தா. நகருதீரா இல்ல உம்ம மண்டையில போடவா?"

அவர் நகர்ந்தார். முதல் அடியில் தகடு விரிசல் விட்டது, இரண்டாவதில் ஓட்டை விழுந்தது, மூன்றாவதில் அக்கினி நட்சத்திரத்து உச்சி மொத்தமும் உடைத்துக்கொண்டு, மஞ்சளும் பழுப்புமாய்த் திரிந்துபோய், அவள் தலையோடு கொட்டி, சுவரைத் தாண்டி, தெருவில் இறங்கி, வாறுகாலை நிறைத்துக்கொண்டு ஓடியது. தெருவே அலறிக்கொண்டு வந்தது. தடுக்க வந்ததா, அவளைப் பிடிக்க வந்ததா என்றால் இல்லை. குடத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு வந்தது. வாறுகாலில் இருந்து சிரட்டையால் அள்ளினார்கள், ஒருத்தர் குடத்தில் ஒருத்தர் கை விட்டார்கள், செல்லக்கனியும் தங்கப்பழம் அண்ணாச்சியும் ஒரே அண்டாவைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்கள், அள்ளமுடியாதவர்கள் சேலையில் தோய்த்துப் பிழிந்துகொண்டு போனார்கள். "பாவி, தெரு வயித்துல அடிச்சிட்டாளே" என்று ஒவ்வொரு வீட்டில் இருந்தும் சாபம் வந்தது. ஆவுடையப்பன் கடைசியாக வந்து, ஒரு செம்பு நிறைய எடுத்து, வாயை வெள்ளைத்துணியால் மூடி, சாமி அலமாரியில் வைத்துக் கும்பிட்டார்.

உலகம்மாள் கழுவினாள். பினாயில் ஊற்றிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, பிளீச்சிங் பவுடரைக் கொட்டித் தேய்த்து, சாணி கரைத்துத் தெளித்து, சீயக்காயும் மஞ்சளும் அரைத்து உடம்பெல்லாம் பூசித் தோல் உரியத் தேய்த்துக் குளித்து, கட்டின சேலையைத் துவைத்துக் கட்டி மறுபடி துவைத்தாள். மழை விட்டுச் சுத்தமான கார்த்திகை வெயில் முற்றத்தில் வந்து, இருந்து, சாயங்காலம் தன் பாட்டுக்குப் போனது. சாமி அலமாரிச் செம்பையும் புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கொண்டுபோய்க் கண்மாய்க்கரையில் புதைத்துவிட்டு வந்தாள். பகவதிக்குப் போன் போட்டு, "இடிச்சிட்டேன் தாயி. கழுவி விட்டுட்டேன்" என்றாள். பகவதி அழுதாள். "அப்போ வாரேம்மா. எனக்கு உன் கையில பெத்துக்கிடணும்னுதான் இருக்கு. எப்ப வரட்டும்?"

எப்ப வரட்டும் என்று கேட்டுவிட்டாள். உலகம்மாள் சுவரில் மூக்கை வைத்து உறிஞ்சினாள், தரையில் கவிழ்ந்து உறிஞ்சினாள், மகளுக்கு விரித்து வைத்த மெத்தையில், தலையணையில், தன் அக்குளில், தன் தலைமுடியில் வைத்து உறிஞ்சினாள். ஒன்றும் தெரியவில்லை. தெருவில் யாரிடம் போய்க் கேட்க? எல்லாம் ஒரே சட்டியில் தின்ற மூக்கு.

அப்போதுதான் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். கழுகுமலைப் பக்கத்து ஆள், வண்டி நிறையத் துருப்பிடித்த தகரமும் உடைந்த பிளாஸ்டிக்கும், குப்பைமேட்டில் பொறுக்கினதும் சாக்கடையில் எடுத்ததுமாய் மூட்டை மூட்டையாய் வைத்திருந்தார். அடைப்பின் சட்டங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கெட்டி இரும்பு.

"அண்ணாச்சி, கம்பி எல்லாம் சும்மாவே எடுத்துக்கோங்க" என்றாள் உலகம்மாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வந்து இந்த முத்தத்துல நின்னு, மூச்சை நல்லா இழுத்துப் பாத்து, நாத்தம் வருதான்னு சொல்லுங்க."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இரும்பைப் பார்த்தார். முற்றத்தின் நடுவில் போய் நின்று மூச்சை இழுத்தார். "ஒரு நாத்தமும் இல்லையேம்மா. பினாயில் வாடைதான் அடிக்கு."

"நெசமாவா?"

"என் பிள்ளைக மேல சத்தியம்மா. வீட்டைக் கண்ணாடி மாதிரிலா வச்சிருக்கீக."

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. "நல்லா இருப்பீக அண்ணாச்சி, உங்க வாய்க்குச் சக்கரை போடணும்" என்று கையைக் கூப்பிக்கொண்டு அவர் பக்கத்தில் போனாள். அவர் ஓர் எட்டுப் பின்னால் வைத்தார். இவள் இன்னும் ஓர் எட்டு வைத்தாள். குப்பைமேட்டில் பிழைக்கிற அந்த மனுஷர், துவைகல்லில் இடித்துக்கொண்டு நின்று, தோளில் கிடந்த துண்டை இழுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, வைத்த பிறகுதான் தன் கை செய்ததை உணர்ந்தவர் போல அவசரமாக எடுத்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நீங்க அங்கேயே இருங்க. கம்பியை நானே எடுத்துக்கிடுதேன்."

அவர் போகிற வரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். பிறகு போனை எடுத்தாள்.

"பகவதி, நீ வரவேண்டாம் தாயி. அங்கேயே பாத்துக்கோ."

"ஏம்மா? இன்னும் நாறுதா?"

"வீடு நல்லாத்தான் இருக்கு."

 பகவதி, சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிடுகிற குரலில், "அப்போ நீயாவது வாம்மா. நீ இல்லாம எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"வாரேன். வராம இருப்பனா?" என்றாள் உலகம்மாள். "பிள்ளை பிறந்ததும் சொல்லு, ஓடி வந்துருதேன். நான் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிடுதேன் தாயி. நீ ஜன்னலைச் சாத்திட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கமா மூஞ்சி தெரியுத மாதிரி தூக்கிக் காமி."